என் பெயரில் போன டப்பா

எங்கள் திட்டத்தின் பெயரில் பதினோரு சொற்கள். அதில் 'சமத்துவம்' இரண்டு முறை வரும். ஐம்பது வயதைத் தாண்டிய ஏழைகளின் மலத்தை வாங்கி, கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்த்து, குடல் புற்றுநோயை முன்கூட்டியே பிடிப்பதுதான் வேலை. இப்படிச் சுருக்கமாகச் சொல்ல அலுவலகத்தில் யாருக்கும் அனுமதி இல்லை. நான்தான் இயக்குநர்.

மக்கள் முன்வராததற்குக் கூச்சமே காரணம் என்று நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். கூச்சத்தை உடைக்கச் சுவரொட்டியும் அடித்தோம். டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நான் சிரிக்கிறேன். கீழே, "நான் கொடுத்துவிட்டேன். நீங்கள்?" படம் எடுத்த அன்று டப்பாவில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. மூன்று காலை டப்பாவோடு கழிப்பறைக்குள் போய், அதே டப்பாவோடு திரும்பினேன். மலத்தைத் தொட்டெடுக்க உள்ளே வைத்திருந்த குச்சியைப் பார்த்தாலே குமட்டியது.

"என்னங்க, மேடையில ஒரு மணி நேரம் நிறுத்தாம பேசுறீங்க, உள்ள போய் அஞ்சு நிமிஷ வேலை முடியலையா?" என்றாள் மனைவி, கதவுக்கு வெளியே நின்று.

திங்கட்கிழமை தொடக்க விழா. முதல் டப்பா இயக்குநருடையது என்று பத்திரிகைகளுக்குச் செய்தி போய்விட்டது. வெள்ளிக்கிழமை மாலை, காரில் போகும்போது டிரைவர் மெல்ல ஆரம்பித்தார்.

"சார், எனக்கும் ஒரு டப்பா குடுங்களேன். ரெண்டு மாசமா வயிறு ஒரு மாதிரியா இருக்கு."

டிரைவருக்கு ஐம்பத்து மூன்று வயது. கால்வாய் ஓரத்துத் தகரக் குடியிருப்பில் வீடு. எங்கள் பட்டியலை வீட்டுவரிப் பதிவேட்டிலிருந்து எடுத்திருந்தோம். கால்வாய் ஓரத்தில் யாருக்கும் வீட்டுவரி கிடையாது. ஆகவே, திட்டத்தைப் பொறுத்தவரை அங்கே மனிதர்களும் கிடையாது.

"உங்க ஏரியா பட்டியல்ல இல்லையே," என்றேன். சமத்துவம் இரண்டு முறை வருவதால் டிரைவரை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவேன்.

"பட்டியல்ல இல்லன்னா வயிறும் இல்லன்னு ஆயிடுமா சார்?"

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. பையிலிருந்து என் டப்பாவை எடுத்து நீட்டினேன்.

"இத வச்சுக்குங்க. என் பேரு ஒட்டியிருக்கு, அதத் தொடாதீங்க. ரிசல்ட் வந்ததும் உங்ககிட்ட சொல்லிடறேன். யார்கிட்டயும் மூச்சு விட வேணாம்."

"ரொம்ப நன்றி சார்," என்றார் அவர். ஒரே டப்பாவில் இரண்டு பேருக்கு வழி செய்துவிட்டதாக நானும் என்னை மெச்சிக்கொண்டேன்.

டிரைவர் நிரப்பிக் கொடுத்த டப்பாவோடு விழா பிரமாதமாக நடந்தது. வியாழக்கிழமை ஆய்வகத்திலிருந்து போன் வந்தது.

"சார், உங்க சாம்பிள்ல ரத்தம் இருக்கு. பயப்படாதீங்க, வெறும் மூலமாக்கூட இருக்கலாம். ஆனா குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாத்தே ஆகணும். மத்தவங்கன்னா நாலு மாசம் காத்திருக்கணும். உங்களுக்கு வர்ற செவ்வாக்கிழமையே போட்டுட்டோம்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, என்னுடையது இல்லை. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பிறகுதான் டிரைவர் ஞாபகத்துக்கு வந்தார். உண்மையைச் சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால், பட்டியலில் இல்லாத அவருக்கு டப்பாவே கிடையாது. டப்பா இல்லாமல் அந்த நாலு மாத வரிசையில்கூட நிற்க முடியாது. இயக்குநர்கள் எப்போதும் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். நானும் கண்டுபிடித்தேன்.

"ரிசல்ட்ல ரத்தம் இருக்குன்னு வந்திருக்கு. கேமரா டெஸ்டுக்கும் என் பேர்லயே போயிடுங்க," என்றேன் காரில். "ஆஸ்பத்திரி கார்டு நான் தரேன். யாரும் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க."

டிரைவர் காரை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"சார், உள்ள ஏதாவது இருந்து வெட்டி எடுத்தா, அது யாரோடது? உங்களோடதா, என்னோடதா?"

"அது வந்து..."

"அப்புறம் தர்ற மருந்து மாத்திரை? நாளைக்கு நானே போய்ச் சேந்துட்டா அதுவும் உங்க பேர்லதானா? அழுறதுக்கு உங்க வீட்டம்மா வருவாங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் காரை மறுபடி கிளப்பவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, டிரைவரையும் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் சுவரில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து நின்றாள்.

"உக்காருங்கம்மா. அந்த டப்பாவில இருந்தது... என்னோடது இல்ல."

"என்ன சார்? காதுல விழல, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"என்னோடது இல்லம்மா! இவரோடது!"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வரிசையின் கடைசியில் யாரோ சொன்னார்: "அதுக்கும் ஆள் வச்சிருப்பாரு போல!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. டிரைவர் தலை குனிந்து நின்றார், தப்பு செய்தவர் அவர் என்பதுபோல. அவர் மனைவி மட்டும் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டாக்டர் வந்தார். விஷயத்தை மேலிடத்துக்கு எழுதத்தான் வேண்டியிருக்கும் என்றார். பிறகு, "ரத்தம் யாருக்கு வந்துச்சோ அவருக்குத்தான் கேமரா," என்று டிரைவரின் பெயரில் புது சீட்டு எழுதினார்.

குடலில் இரண்டு சதை வளர்ச்சிகள். இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பெரியதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், பத்து நாளில் தெரியும். "நாலஞ்சு மாசம் தள்ளிப் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மயக்க மருந்து எடுத்துக்கொண்டவர் வண்டி ஓட்டக் கூடாது. நான் ஓட்டினேன். பின்சீட்டில் மனைவி தோளில் சாய்ந்து டிரைவர் தூங்கினார். எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று அந்த அம்மாதான் சொல்லிக்கொண்டு வந்தாள். கால்வாய் ஓரத்துக்கு நான் அதுவரை போனதே இல்லை.

கார் நின்றதும் தண்ணீர்க் குழாயடியில் இருந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். விஷயம் எப்படியோ எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"சார், அந்த டப்பா எங்களுக்கும் கிடைக்குமா?"

"எனக்கு அம்பத்தெட்டு வயசு. மூணு நாளைக்கு ஒரு தடவதான் போகுது."

"இவளுக்குப் போகல, எனக்கு நிக்கல! ரெண்டு பேருக்கும் சேத்து எழுதிக்குங்க!"

அத்தனை பேரும் சிரித்தார்கள். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி தரையைப் பார்த்து நின்றவன் நான் ஒருவன்தான்.

"நாளைக்குக் கொண்டு வரேன்," என்றேன். நாளைக்கு எனக்கு அந்த இயக்குநர் நாற்காலி இருக்குமா என்பதே தெரியாது.

கணவரைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்த டிரைவரின் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்குன்னா, எத்தன மணிக்கு சார்?"