ஒரு நோய்க்கு ஒரு கட்டில்

ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்கில் நர்ஸ் மிஸ் மூன்றாவது முறையாக அதையே கேட்டபோது, அவள் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிய வேண்டும் போலிருந்தது ஜெயந்தினிக்கு.

"எது முதல்ல வந்திச்சு? குடியா, காதுல கேக்குற சத்தமா?"

"இப்ப ரெண்டும் இருக்குதுங்க மிஸ். எது முதல்ல வந்தா என்னங்க?"

"குடிக்கிறதாலயும் சத்தம் கேக்கும். முதல்ல குடிய நிப்பாட்டிட்டுக் கூட்டிட்டு வாங்க. பிறகு வார்ட்டுல வச்சுப் பார்ப்பாங்க."

குடியை நிறுத்த முடிந்தால் உன் வாசலில் வந்து ஏன் நிற்கிறேன்? நாக்கின் நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

தம்பி மதுரன் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு வயது. கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு நின்ற காலத்தில், சுவருக்குள்ளிருந்து ஒருவன் தன்னைத் திட்டுவதாகச் சொல்ல ஆரம்பித்தான். அந்தச் சத்தத்தை அமுக்கத்தான் கசிப்பு என்கிற கள்ளச் சாராயத்தைக் குடித்தானாம். கசிப்பு குடித்ததால்தான் சத்தமே வந்தது என்றார்கள் கடைக்காரர்கள். இதற்குச் சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது? அவனுடைய கிளினிக் கொப்பியும் அதே லட்சணம்தான். முதல் டொக்டர் மனச்சோர்வு என்று எழுதினார். அடுத்தவர் அதை வெட்டி மனச்சிதைவு என்று எழுதி மாத்திரை கொடுத்தார். மூன்றாமவர் அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டார், குடி என்று எழுதினார், மாற்றலாகிப் போய்விட்டார்.

கினிகத்தேனைப் பக்கம் குடியை விட வைக்கிற இல்லம் ஒன்று இருந்தது. வீடிருந்த லிந்துலையிலிருந்து இரண்டு பஸ் மாறி அங்கே போனால் கதை தலைகீழ். பொறுப்பாளர் கஜேந்திரன் கொப்பியை இரண்டு பக்கம் புரட்டியதும் சூடான சட்டியைத் தொட்டவர் மாதிரி மேசையில் போட்டார்.

"இது மனநோய் கேஸும்மா. இங்க குடிகாரங்களுக்கு மட்டுந்தான் கட்டிலு. அதக் கொணப்படுத்திட்டு வாங்க."

இவர்கள் அங்கே போ என்றார்கள், அவர்கள் இங்கே போ என்றார்கள். மூன்று மாதம் இப்படியே ஓடியது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளெல்லாம் ஜெயந்தினிக்குத் தேயிலை மலையில் அன்றைய கூலி போனது. அதுகூடப் பரவாயில்லை. போன மாதம் விடியற்காலையில் மதுரன் நீர்த்தேக்கத்துக் கரையில் நின்றதை ஆட்டோக்காரர் ஒருவர் பார்த்து இழுத்துக்கொண்டு வந்தார். அடுத்த தடவை பார்ப்பதற்கு யாரும் இல்லாமல் போனால்? அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. எங்கேயாவது, எப்படியாவது, இவனை ஒரு கட்டிலில் படுக்க வைத்துவிட வேண்டும்.

கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். அவர்களுக்கு ஒன்றுதான் வேண்டுமென்றால் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுப்போம். கொப்பியை அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினாள்.

"சத்தம் கேக்குதான்னு கேட்டா இல்லன்னு சொல்லு. குடி மட்டுந்தான்னு சொல்லு. வெளங்குதா?"

மதுரன் தலையாட்டினான். பையின் அடியில் மாத்திரை அட்டையை ஒளித்து வைத்திருந்தான். அவள் அதைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டாள்.

"அக்கா, அது இல்லாட்டி செவுத்துக்குள்ள இருக்கிறவன் ரொம்பக் கத்துவான்க்கா. அத மட்டும் குடுத்துரு."

"பையச் சோதிப்பானுங்க. அதக் கண்டா தொரத்தி விட்டுருவானுங்க. ஒரு மாசந்தானே, பல்லக் கடிச்சிக்கிட்டு இரு!"

"முடியாதுக்கா."

"வாய மூடுடா!"

இல்லத்தில் கஜேந்திரன் இந்த முறை இரண்டே கேள்விதான் கேட்டார். சத்தம் நின்றுவிட்டது, டொக்டரே மருந்தை நிறுத்திவிட்டார் என்று ஜெயந்தினி கண்ணிமைக்காமல் பொய் சொன்னாள். நோய் என்ற இடத்தில் அவர் குடி என்று எழுதினார். கட்டில் கிடைத்தது. திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் அசந்து தூங்கினாள்.

ஆறாம் நாள் போன் வந்தது. மதுரன் இல்லத்தின் மாடியிலிருந்து குதித்துவிட்டான். உயிர் இருக்கிறது, இடுப்பும் வலது காலும் உடைந்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலருகே கஜேந்திரனும் ஒரு புது டொக்டரும் நின்றிருந்தார்கள். அவளைக் கண்டதும் கஜேந்திரன் விரலை நீட்டினார்.

"டொக்டர், இந்தப் பொம்பளதான் பொய் சொல்லிச் சேத்தது."

டொக்டர் நிதானமாகத்தான் பேசினார். "ஒரு ஆளுக்கு ரெண்டு, மூணு நோய் சேர்ந்தே வரும். ஒண்ணு மத்ததக் கூட்டிவிடும். எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல வைத்தியம் செய்யணும். நீங்க எப்படி ஒண்ண மறைக்கலாம்?"

ஜெயந்தினிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இதத்தானேய்யா நான் மூணு மாசமாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்? ஒங்க மிஸ் குடிய நிப்பாட்டிட்டு வான்னாங்க. இந்த ஆளு சத்தத்த நிப்பாட்டிட்டு வான்னாரு. ஒண்ண மட்டும் கொண்டு வரச் சொன்னது நீங்க! ஒண்ண மட்டும் கொண்டு வந்தேன். இப்ப என்னையவே குத்தம் சொல்றீங்களா?"

வார்ட்டே திரும்பிப் பார்த்தது. டொக்டர் பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டார். நன்றாக வேண்டும் இவர்களுக்கு என்று நினைத்தாள்.

மதுரன் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்த முகத்தை மெதுவாக அவள் பக்கம் திருப்பினான்.

"அவங்களுக்கு என்னையத் தெரியாதுக்கா," என்றான். "ஒனக்குத் தெரியுமே."