இரண்டு தடவை பதிந்த சத்தம்

பம்பாயில் எங்கள் திலக் நகர் கட்டடத்தில் யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது வரை எனக்குத் தெரியும் என்று ஒரு பேர் இருக்கிறது. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு பேசினால் காதில் விழாமல் என்ன செய்யும்? நானாகப் போய் நின்று கேட்டது ஒன்றிரண்டு தடவைதான். அதில் ஒரு தடவையைப் பற்றி இது.

எதிர்வீட்டு லூர்தம்மாளின் மகன் மிக்கேல்ராஜுக்கு நரிமன் பாயிண்ட்டில் கம்ப்யூட்டர் உத்தியோகம். எண்பத்தாறில் எங்கள் மாடியில் அப்படி ஓர் உத்தியோகம் அவனுக்கு மட்டும்தான். மிஷின் இருக்கிற அறைக்குள் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டுமாம். உள்ளே எந்நேரமும் ஏ.சி. ஓடுமாம். இங்கே பெற்றவள் தலைக்கு மேலே ஃபேன் மூன்று இறக்கையோடு முனகிக்கொண்டிருந்தது.

"அதென்ன கோயிலா?" என்று கேட்டேன்.

"கோயில்ல எவ்வளவு நேரமும் நிக்கலாம் ஆன்ட்டி. இங்க ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம்தான் மிஷின் தருவாங்க."

மீதி நேரம் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதுவானாம், தப்பென்று அழிப்பானாம், திரும்ப எழுதுவானாம். இதற்குச் சம்பளமும் கொடுத்து, சட்டைப்பையில் குத்திக்கொள்ள நாலு பேனாவும் கொடுத்திருந்தார்கள். கையில் கணக்குப் போடுகிற கடிகாரம். மணி கேட்டால், முதலில் ஒரு பெருக்கலை அழித்துவிட்டுத்தான் சொல்வான்.

வீட்டிலாவது சும்மா இருப்பானா? துபாயிலிருந்து சித்தப்பா மகன் கொண்டுவந்து கொடுத்த குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று வைத்திருந்தான். பள்ளிக்கூட ஸ்லேட் அளவு, ரப்பர் பொத்தான்கள். டி.வி.யில் சொருகிவிட்டால் லூர்தம்மாளுக்கு அன்றைக்குப் படம் கிடையாது. அதில் எழுதியதைச் சேர்த்துவைக்க ஒரு டேப் ரெக்கார்டர். நாம் பாட்டுக் கேட்கிற அதே கேசட்தான். எழுத்தையெல்லாம் சத்தமாக்கி அதில் பதியும். அந்தச் சத்தம் இருக்கிறதே! முதலில் 'கூ' என்று ஓர் இழுப்பு, பிறகு ஐந்து நிமிஷத்துக்குத் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி கிறீச்சென்று ஒரே கத்தல். அதையும் ஒரு தடவையோடு விடமாட்டான். எதையும் இரண்டு தடவை பதிவான்.

"ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணு இருக்கணும் ஆன்ட்டி. ஆபீஸ்ல மூணு காப்பி எடுத்து மூணு அலமாரில வைப்போம்."

அந்த மாதம் முழுக்க டி.வி.யில் தமிழ் எழுத்து வரவைக்கப் பாடுபட்டான். ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாகக் கட்டத்தாளில் வரைந்து, எண்ணாக்கி, உள்ளே ஏற்ற வேண்டுமாம். இத்தனைக்கும் அவனே தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். "இந்த 'அ'வை நான் கோதுமை மாவில் விரலால் போட்டுவிடுவேனே" என்றேன். சிரித்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை ரோஷன் மட்டும் வாசலில் நின்று, எழுத்து வரும்போதெல்லாம் கை தட்டுவாள்.

ரோஷனின் தாய் சாயிரா தாராவியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. மிக்கேல்ராஜ் பம்பாய் வழக்கப்படி அவளை 'பாபி', அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவான். புருஷன் காசிமுக்கு மேலப்பாளையம். சவூதியில், தம்மாமில் வெல்டர் வேலை. அவனுக்கும் எழுத்தோடு அத்தனை சிநேகம் கிடையாது. அதனால் இரண்டு பேருக்கும் கேசட்தான் கடுதாசி. ஊருக்கு வருகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவான். ஒரு பக்கத்தில் அவன் பேசியிருப்பான், மறுபக்கத்தைக் காலியாக விட்டிருப்பான். அதில் இவள் பதில் பேசித் திருப்பி அனுப்புவாள். இந்த ஏற்பாடு எங்கள் கட்டடத்துக்கே தெரியும்.

அந்த வீட்டில் இரண்டு வருஷமாக ஒரே வழக்கு. காசிமின் வாப்பா நாகூர் மீரானுக்கு மருமகளும் பேத்தியும் மேலப்பாளையத்துக்கு வந்துவிட வேண்டும். சாயிரா செம்பூரில் ஏற்றுமதித் துணி தைக்கிற இடத்தில் வேலை பார்த்தாள். ஜூனில் ரோஷனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க இடமும் பிடித்து வைத்திருந்தாள். "ஊருக்குப் போனா என் மிஷினும் போச்சு, இவ படிப்பும் போச்சுக்கா" என்று என்னிடம் சொல்லுவாள். காசிம் வாப்பாவுக்கும் ஆமாம் போடுவான், பெண்டாட்டிக்கும் ஆமாம் போடுவான்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை புதுக் கேசட் வந்தது. சாயிராவின் ரெக்கார்டர் பெல்ட் அறுந்து ரிப்பேருக்குப் போயிருந்தது, வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும். பொறுக்க முடியாமல் லூர்தம்மாள் வீட்டில் போட்டுக் கேட்டாள். மிக்கேல்ராஜ் ஆபீஸ் போயிருந்தான். லூர்தம்மாள் நாகரிகமாக அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் நாகரிகமாக வாசலுக்கு வெளியே சுவரை ஒட்டி நின்றேன்.

வெயில், சாப்பாடு, ரோஷனுக்கு வாங்கிய கவுன் என்று ஒரு பக்கம் முழுக்க ஓடி, கடைசியில் காசிம் குரலைத் தாழ்த்தினான்.

"வாப்பா கடுதாசி மேல கடுதாசி போடுதாவ புள்ள. நானும் யோசிச்சு ஒரு முடிவு எடுத்துட்டேன். இந்த வாட்டி உனக்கு மறுபக்கம் கிடையாது, அதுலயும் நாந்தான் பேசியிருக்கேன். முடிவு அதுலதான் இருக்கு. நாலு பேரு இருக்கையில கேக்காத. உன் வீட்டுல, தனியா கேளு."

டக்கென்று நின்றது. அதே நேரம் கீழே குழாயைத் திறந்துவிடுகிற சொரிமுத்து "தண்ணி வந்துட்டு!" என்று கத்தினான். எங்கள் கட்டடத்தில் அந்தச் சத்தத்துக்கு முன்னால் புருஷனாவது முடிவாவது! சாயிரா குடத்துக்கு ஓடினாள், நானும் ஓடினேன். கேசட் மிஷினுக்குள்ளேயே இருந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ரெக்கார்டர் வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

சாயங்காலம் ரசக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மிக்கேல்ராஜ் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். திரையில் எழுத்துகள் வரிசையாக நின்றன. முகமெல்லாம் பல்.

"எல்லா எழுத்தும் வந்துடுச்சு ஆன்ட்டி! கரன்ட் போனா அத்தனையும் போயிடும், உடனே பதியணும். கேசட் தீர்ந்துபோச்சு." ரெக்கார்டரைத் திறந்து பார்த்தான். "இது சாயிரா பாபியோடது. காசிம் பாய் பின்பக்கத்தைக் காலியாத்தான் விடுவார். பாபி பதில் பேசறதுக்குள்ள நாளைக்கு வேற கேசட்ல மாத்திடுவேன்."

கேசட்டைத் திருப்பிப் போட்டான். ஒரு நொடி ஓடவிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்தவர் கடுதாசியைப் படிக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தவள் லூர்தம்மாள். பதிவதற்கான இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினான்.

நான் வாயைத் திறந்தேன். சொன்னால், மத்தியானம் நான் எங்கே நின்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். "ரசத்துல உப்பு கூடுதல்னு அம்மாட்ட சொல்லு" என்று கிண்ணத்தை வைத்துவிட்டு வந்தேன். என் கதவைச் சாத்திய பிறகும் சத்தம் கேட்டது. ஒரு தடவை முடிந்தது. இரண்டாவது தடவை தொடங்கியது.

வியாழக்கிழமை காலையில் கீழ்வீட்டு டெலிபோனில் செய்தி வந்தது. தம்மாமில் சாரம் சரிந்து காசிம் போய்விட்டான். அங்கேயே அடக்கம்.

நாகூர் மீரான் ரயிலேறி வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்கிற இத்தாவை ஊரில் வந்து இருக்கட்டும், டிக்கெட் எடுக்கச் சொல்லியாயிற்று என்றார். நடுவில் தொங்கிய திரைக்குப் பின்னால் சாயிராவோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

"அவுக முடிவு கேசட்டுல இருக்கு மாமா. அதைக் கேட்டுட்டு நீங்க சொல்றபடி செய்யுறேன்" என்றாள்.

"என் மகன் சொன்னா நானும் கட்டுப்படுதேன்" என்றார் கிழவர்.

மிக்கேல்ராஜைக் கூப்பிட்டார்கள். கேசட்டோடு வாசலில் வந்து நின்றான். "பின்பக்கத்துல என்னோடது கொஞ்சம் இருக்கு பாபி, மன்னிச்சுக்குங்க. காலியாத்தான் இருந்துச்சு..."

"காலி இல்ல. அதுலதான் பேசியிருக்காவ" என்றாள் சாயிரா.

அவன் முகத்தை நான் திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ரிப்பேராகி வந்திருந்த ரெக்கார்டரில் போட்டார்கள். 'கூ' என்றது. கிறீச்சென்று ஐந்து நிமிஷம். நின்றது. சாயிரா முன்னால் குனிந்தாள். மறுபடி 'கூ'. இன்னும் ஐந்து நிமிஷம். அது முடிந்ததும் காசிமின் குரல் பாதியிலிருந்து வந்தது.

"...அதான் என் முடிவு. முதல்ல உனக்குச் சங்கடமாத்தான் இருக்கும். போகப் போகப் பழகிரும். ரோஷனுக்கு நான் சொன்னேன்னு சொல்லு..." பிறகு ஏதோ நினைத்துச் சிரித்தான். பிறகு அவளுக்கு மட்டுமாகச் சொல்ல வேண்டியதைச் சொன்னான். நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டோம். கிழவர் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

முடிந்ததும் தொண்டையைச் செருமினார். "சங்கடமா இருக்கும்ங்கான். அப்ப ஊருக்குத்தான் போகச் சொல்லியிருக்கான்."

திரைக்குப் பின்னால் சாயிராவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. துணியைக் கிழிக்கிற மாதிரி இருந்தது.

"இல்ல மாமா" என்றான் மிக்கேல்ராஜ். "நான் கேட்டேன். காலியான்னு பாக்கறதுக்கு முதல்ல ஓடவிட்டேன். பம்பாய்லயே இருக்கச் சொன்னார். ரோஷனை இங்கயே படிக்க வைன்னார். தனியா இருக்கறது முதல்ல சங்கடமா இருக்கும்னு... அதைத்தான் சொல்லியிருக்கார்."

கிழவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டிருக்க. கேட்டுட்டுமா அழிச்ச?"

"ஆமா."

"என் மகன் பேச்சுன்னு தெரிஞ்சும்?"

"ஆமா மாமா."

"வெளிய போடா."

போனான். நாகூர் மீரான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், தனியாகவே ஊர் திரும்பினார். ரோஷன் ஜூனில் பள்ளிக்கூடம் போனாள். சாயிரா அதற்குப் பிறகு மிக்கேல்ராஜோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தா முடிந்து வெளியே வந்தவள், மாடிப்படியில் அவன் எதிரே வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். ரோஷனை எழுத்துப் பார்க்க அந்த வாசலுக்கு விட்டதில்லை. லூர்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மவன் அப்படிப்பட்டவனா ஏஞ்சலம்மா?" என்று கேட்டாள். பதில் தெரிந்த ஒரே ஆள் நான். "தண்ணி வந்துட்டான்னு பாக்கேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு அவன் ஓடவிட்டுக் கேட்கவேயில்லை என்று சொன்னால் நல்லவனாகிவிடுவான், சாயிராவுக்கு ஊர் டிக்கெட் எடுத்துவிடுவார்கள். காசிம் உண்மையில் என்ன முடிவு எடுத்தான் என்பது யாருக்குமே தெரியாது என்றும் ஆகிவிடும்.

அடுத்த வருஷம் தாயும் மகனும் வாஷிக்குக் குடிபோனார்கள். குட்டிக் கம்ப்யூட்டரைப் போகும்போது யாருக்கோ கொடுத்துவிட்டான்.

இதை நான் தமிழில் எழுதி வைக்கிறேன். எங்கள் கட்டடத்தில் இதைப் படிக்க இப்போதைக்கு ஆளில்லை, அந்த தைரியம்தான்.

சாயிரா வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் அந்தக் கேசட்டைப் போடுகிறாள். குரல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். ரெக்கார்டரில் ஓடுகிற எண்ணைப் பார்த்து நேரே அங்கே கொண்டுபோய் நிறுத்தலாம். ஆனால் ஆரம்பத்திலிருந்துதான் போடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் 'கூ' என்று தொடங்கும். பத்து நிமிஷம். அத்தனை கிறீச்சலுக்கு அடியிலும் ஒரு வார்த்தை மிஞ்சியிருக்காதா என்று அவள் உட்கார்ந்திருப்பாள். நான் ஸ்டவ்வை அணைத்துவிட்டு இந்தப் பக்கம் நின்று அதையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.