தையல்காரி போட்ட முடிச்சு

மகளின் நிக்காஹுக்கு இன்னும் அரை மணி நேரம்தான். அதற்குள் தையல்காரியின் வீட்டுக்குள் இரண்டு தடை உத்தரவுகள் வந்துவிட்டன.

முதலாவது, புருஷனின் அக்காவான நாத்தனாருடையது. கல்யாணப் பெண்ணின் கழுத்தில் கருப்பு மணிச்சரம் கட்டுவது அந்தக் குடும்பத்து வழக்கம். "நான் கட்டறேன். நீ தள்ளி நில்லு. புருஷனைப் பறிகொடுத்தவ கை படக் கூடாது."

பதினோரு வருஷம் மிஷின் மிதித்து மகளை ஆளாக்கியவள் தையல்காரி. ராத்தூக்கத்தை விட்டு அந்த மணிகளைக் கோத்ததும் அவள்தான். கோக்கலாம், கட்டக் கூடாதாம். என்ன நியாயமோ!

இரண்டாவது, பள்ளிவாசல் ஜமாஅத்தின் புதுச் செயலாளருடையது. நேற்று முளைத்த தாடி, கக்கத்தில் நிக்காஹ் பதிவேடு. "மணி கட்டறதெல்லாம் மார்க்கத்துல இல்லாத சடங்கு. கட்டினா பதிவேட்டைத் திறக்க மாட்டேன்" என்று கூடத்து வாசலிலேயே நின்றுகொண்டார்.

மணிச்சரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு தையல்காரி எழுந்தாள்.

"தம்பி, புருஷன் செத்தவ கை ஆகாதுன்னு மார்க்கத்துல இருக்கா?"

"அஸ்தஃபிருல்லாஹ்! அப்படி ஒண்ணுமே கிடையாது. அது பெரிய தப்பு."

"நல்லா சத்தமாச் சொல்லுங்க. அண்ணிக்குக் காது மந்தம்."

செயலாளர் குரலை உயர்த்திச் சொன்னார். நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது.

"அண்ணி, இந்த மணி இல்லாம நம்ம வீட்டுப் பொண்ணு யாராவது நிக்காஹுக்கு உட்கார்ந்திருக்காளா?"

"ஒருத்தியும் கிடையாது!" நாத்தனாரின் கோபமெல்லாம் செயலாளர் மேல் போய் விழுந்தது. "நம்ம வீட்டுல பொறந்த உங்கம்மா கழுத்துலயும் நான்தான்டா கட்டினேன்!"

செயலாளர் பதிவேட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தையல்காரியை மட்டும் பார்க்கவில்லை.

"அப்ப சரி" என்றாள் அவள். "மணி எங்க வீட்டு வழக்கம். அதைக் கட்டற உரிமை மார்க்கம் எனக்குக் கொடுத்தது. ரெண்டுல எதையும் நான் விடறதா இல்ல. பதிவேட்டைத் திறக்கலைன்னா, பொண்ணை இதே மணியோட பள்ளிவாசல் வாசலுக்கே கூட்டிட்டு வருவேன். அங்க வந்து ஜமாஅத் முன்னாடி பதில் சொல்லுங்க."

மகளின் பின்னால் போய் நின்று முடிச்சுப் போட்டாள். சட்டைப் பொத்தானுக்குப் போடும் இரட்டை முடிச்சு. மகள் குனிந்தபடியே, "இன்னொண்ணும் போடும்மா" என்றாள்.

மூன்றாவது முடிச்சு இறுகும்போது வாசல் பக்கம் பதிவேட்டின் தாள் புரளும் சத்தம் கேட்டது. தையல்காரி திரும்பிப் பார்க்கவில்லை. மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.