யார் பக்கத்திலிருந்து வந்தது

வீடியோவில் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர்களுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் நடுவில் உட்கார்ந்து பேசுவதுதான் என் பிழைப்பு. டாக்டர் அவர் மொழியில் சொல்வதை நான் தமிழில் சொல்வேன், வீட்டார் தமிழில் கேட்பதை அவர் மொழியில் கேட்பேன். இந்த வேலைக்கு ஒரே சட்டம்: எதையும் கூட்டக்கூடாது, எதையும் குறைக்கக்கூடாது. காய்கறிக்காரர் சொன்னதைக்கூட உப்புக் காரம் சேர்த்துத்தான் வீட்டில் சொல்லுவேன். அப்படிப்பட்டவளுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று என் கணவரைக் கேட்டால் தெரியும்.

அதிலும் பெரிய தண்டனை, குழந்தைகளின் மரபணுச் சோதனை முடிவைச் சொல்லும் நாள்தான். திரையில் விதவிதமான குடும்பங்கள் வரும். சிலர் நெற்றியை மட்டும் காட்டுவார்கள். சிலர் சித்தப்பா பெரியப்பா வரைக்கும் ஒரே சோபாவில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாராக இருந்தாலும் கடைசியில் கேட்பது ஒன்றைத்தான்: இது யார் பக்கத்திலிருந்து வந்தது? அதைக் கேட்கும்போது யாரும் டாக்டரைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பவரைத்தான் பார்க்கிறார்கள்.

அன்றைக்குத் திரையில் முதலில் வந்தவர் ஒரு பெயிண்டர். புருவத்தில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது, வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறார். மனைவி உள்ளே மகனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவனுக்கு வாண்டு என்று பெயர், வயது மூன்று. ஒரு மாதம் காதில் சீழ் என்றால் அடுத்த மாதம் நெஞ்சுச் சளி. பாதி நாள் ஆஸ்பத்திரியில்தான் கழிந்தது. டாக்டர் இன்னும் இணைப்பில் வரவில்லை. பெயிண்டர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒரு உதவி. அவகிட்டேருந்து வந்ததுன்னு டாக்டர் சொன்னா, என்கிட்டேருந்துன்னு மாத்திச் சொல்லிடுங்க."

"அதெல்லாம் முடியாதுங்க."

"பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியாதவன்னு ஊரே சொல்லுது அக்கா. எங்க சொந்தக்காரங்களும்தான். அவளும் அதை நம்பிட்டா. இதுவும் சேர்ந்தா தாங்க மாட்டா."

"டாக்டர் சொல்றதுல ஒரு எழுத்துகூட நான் மாத்த மாட்டேன்" என்றேன். குரல் கொஞ்சம் வெடுக்கென்றுதான் வந்தது. அந்த மனிதர்மேல் எனக்குப் பாசம் பொங்கிவிட்டது, அதனால் வந்த வெடுக்கு.

அதற்குள் மனைவி வாண்டுவைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், டாக்டரும் வந்துவிட்டார். நிதானமாகப் பேசுகிற பெண்மணி. கிருமிகளோடு சண்டை போட உடம்பில் ஒரு படை இருக்கும், இவனுக்கு அந்தப் படையே உருவாகவில்லை, ஒரு மரபணுவில் இருக்கும் மாற்றம்தான் காரணம் என்றார். அதுவரைக்கும் தமிழில் சொல்லிவிட்டேன். அடுத்த வாக்கியத்தில் அந்த மாற்றம் அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பெயிண்டர் எழுந்து அலமாரிப் பக்கம் கை நீட்டினார். அங்கேதான் இன்டர்நெட் பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது. படம் அப்படியே உறைந்தது, பிறகு மறைந்தே போனது.

இணைப்பு சரியில்லை போலிருக்கிறது என்று டாக்டர் காத்திருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் மனைவியின் செல்போனிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. பின்னால் பெயிண்டர் கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி நின்றார்.

"இவரு நெட்டை அணைச்சுட்டாருங்க. நீங்க விட்ட இடத்துலேருந்து சொல்லுங்க" என்றாள் அவள். "அவங்க பாஷையில அம்மாவுக்கு என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில இத்தனை நாளா நர்ஸுங்க அப்படித்தானே என்னைக் கூப்பிடுறாங்க."

சொன்னேன், ஒரு எழுத்து குறையாமல். அவள் வாண்டுவின் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"நான் சரியாப் பார்த்துக்காததால வந்தது இல்லையே?"

"யார் பார்த்துக்கிட்டிருந்தாலும் இந்த நோய் வந்திருக்கும்" என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "நீங்க பார்த்துக்கிட்டதாலதான் இவன் இவ்வளவு தூரம் வந்திருக்கான். அந்தப் படையை வெளியிலேருந்து மருந்தா ஏத்தலாம். தொடர்ந்து ஏத்தணும். ஏத்தினா ஸ்கூலுக்குப் போவான், மத்த பிள்ளைங்களோட விளையாடுவான்."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என் தங்கச்சி முழுகாம இருக்கா. அவளுக்கும் இது இருக்குமா?"

இருக்கலாம், இல்லாமலும் போகலாம், சோதித்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். பெண்கள் இதைச் சுமப்பார்கள், நோயாக வருவது ஆண் பிள்ளைகளுக்குத்தான்; தங்கையிடம் இது இருந்து, பிறப்பது ஆணாகவும் இருந்தால், குழந்தையையும் பிறந்தவுடனே சோதிக்கலாம், காய்ச்சல் ஒன்று வருவதற்கு முன்பே மருந்து தொடங்கலாம். நான் சொல்லி முடித்தபோது பெயிண்டரின் முகம் செத்துப்போயிருந்தது.

"நான் மட்டும் மறைச்சிருந்தா..." என்றார்.

"மறைக்க விட்டாத்தானே" என்றாள் அவள். தங்கைக்குப் போன் செய்ய அவருடைய செல்போனை வாங்கினாள். என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பெண் வயதுதான் அவளுக்கு. எழுந்து போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

அவர் செல்போனை அவள் கையிலிருந்து மெல்ல எடுத்து, தானே எண்ணைப் போட்டார். ஸ்பீக்கரில் கொழுந்தியாளின் குரல் கேட்டது.

"சொல்லுங்க மாமா. வாண்டு நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான்மா. அவன் டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சு. நம்மகிட்ட ஒரு மரபணு மாற்றம் இருக்கு. அதனாலதான் அவனுக்கு இவ்வளவு நாளா முடியாம வருது. உனக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம், நானே கூட்டிட்டுப் போறேன். பயப்படாத."

அவர் என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். டாக்டரின் மொழியில் நாங்கள் வேறு, நாம் வேறு கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். பெயிண்டர் சொன்ன 'நம்மகிட்ட'வுக்கு அந்த ஒரு சொல்லைப் போட்டுத்தான் நானும் சொன்னேன். டாக்டர் முகத்தைச் சுருக்கினார். அப்பா தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார், அவரிடம் அந்த மாற்றம் இல்லை, அம்மாவிடம் மட்டும்தான் இருக்கிறது, தயவுசெய்து அவரைத் திருத்துங்கள் என்றார்.

சட்டம் சட்டம்தான். பெயிண்டர் இன்னும் கொழுந்தியாளைத் தேற்றிக்கொண்டிருந்ததால் மனைவியிடம் சொன்னேன்.

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது.

"அவருக்குத் தெரியும்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. தெரிஞ்சுதான் சொல்றாரு."