பொது அடுப்பின் விலை

தராசு போன பிறகு நான் முதன்முதலாக அலுவலகம் சென்ற காலையில், சோதனைத் திரையில் எட்டு அரசர்களும் ஒரே சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் பெயர் பொது அடுப்பு.

தராசு என் மனைவி; அது அலுவலகம் வைத்த பெயர். நாங்கள் செய்துகொண்டிருந்தது ஊரை ஆளும் கணினி விளையாட்டு. சட்டங்களுக்கு வாசகம் எழுதுவது என் வேலை. எந்தச் சட்டமும் மற்றவற்றை விழுங்கிவிடாமல் பார்ப்பது அவள் வேலை. ஒரு சட்டம் மிஞ்சினால் அதன் நன்மையைக் குறைக்க மாட்டாள். பல சுற்றுகள் தள்ளி அதனால் ஒரு கேடு வரும்படி ஒளித்து வைப்பாள்.

"இனிப்ப புடுங்காதீங்க வாத்தியாரே, கசப்பு மெதுவா வரட்டும்" என்பாள். பிழை திருத்துகிறவன் என்பதால் நான் வாத்தியார்.

பொது அடுப்பு என்றால், வீட்டு அடுப்புகளை அணைத்துவிட்டு ஊரே ஒரு சமையற்கூடத்தில் சாப்பிடுவது. தானியம் மிச்சம், ஆள் மிச்சம். கணினியே எட்டு அரசர்களாகவும் ஆடும் சோதனையில் எட்டுப் பேரும் அதையே எடுத்தால் வேறு சட்டங்கள் எதற்கு? மதியத்துக்குள் சரியாகாவிட்டால் பொது அடுப்பையே தூக்கிவிடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டுப் போனார். அவள் கடைசியாகச் செய்த சட்டம் அது.

"அக்கா இதுல கசப்பே வைக்கல போலண்ணா" என்றான் நிரல் எழுதும் தம்பி.

ஆடிப் பார்க்கிறேன் என்றேன். அவள் நாற்காலி எனக்குத் தாழ்வு. உயர்த்த மனம் வரவில்லை. முழங்கால் மேசையில் இடிக்க இடிக்க ஆடினேன். ஊர் கொழித்தது. கேடு இதோ வரும், இதோ வரும் என்று காத்திருந்தேன். வரவேயில்லை. ஜெயித்துவிட்டேன்.

தேநீர் கொடுத்தால்கூடப் பதிலுக்குக் கோப்பைகளைக் கழுவ வைப்பவள் அவள். இதை மட்டும் சும்மா கொடுத்திருக்கிறாள் என்றால், எனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அத்தனை நாளில் அன்றுதான் மூச்சு சற்று எளிதாக வந்தது.

தம்பி சட்டத்தின் உள்ளே திறந்து பார்த்தான். கேடு இருந்தது. முந்நூற்று அறுபதாம் சுற்றில் வருவதாக இருந்தது. ஆட்டமோ முந்நூறில் முடிந்துவிடுகிறது.

ஆட்டம் நீளம் என்று முதலாளி கடைசி நூறு சுற்றை வெட்டியிருந்தார். அதன்பின் ஒவ்வொரு சட்டத்தின் கேட்டையும் அவள் முன்னே இழுத்து வைத்துக்கொண்டு வந்தாள். இது ஒன்றுதான் பாக்கி. நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்தவள், மறுநாள் காலை அலுவலகத்துக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது வண்டி மோதிப் போய்விட்டாள்.

எனக்கென்று எதையும் விட்டுவைக்கவில்லை. வேலை பாதியில் நின்றிருந்தது, அவ்வளவுதான்.

கேட்டை எங்கே வைப்பாள் என்று எனக்குத் தெரியும்: ஆடுகிறவன் அசந்துபோகிற இடத்தில். இருநூற்று இருபது என்று எண்ணை மாற்றிவிட்டு மறுபடி ஆடினேன். ஊர் கொழித்தது. பிறகு திரையில் ஓர் அட்டை விழுந்தது.

"சமையற்காரி இறந்துவிட்டாள். எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டத் தெரிந்தவர் இல்லை."

நான் எழுதிய வாசகம். மறந்தே போயிருந்தேன். எழுதிய அன்று அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "யார வச்சு எழுதினீங்கன்னு தெரியுது" என்று சிரித்தாள். எனக்கு அடுப்பு மூட்டத் தெரியாது; நானும் சேர்ந்து சிரித்தேன்.

கை தானாகவே சுட்டியை விட்டு விலகியது. தம்பியும் படித்துவிட்டான்.

"வரிய மாத்திடலாமாண்ணா?"

"வேணாம்ப்பா. அதுல பிழை ஒண்ணும் இல்ல."

சோதனையை மறுபடி ஓட்டினான். இந்த முறை பொது அடுப்பை எடுத்தவர்கள் இரண்டே அரசர்கள். முதலாளி தலையாட்டிவிட்டுப் போனார், சட்டம் தங்கியது. நான் எழவில்லை. அந்த இரண்டு ஊர்களையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்று அழிந்துபோனது. மற்றது பாதி ஆட்களோடு, பசியோடு, முந்நூறாம் சுற்றுவரை எப்படியோ நின்றது.