பல் விளக்காத கதவு

கடவுள் படைத்தது ஒரே ஒரு வெள்ளையைத்தான். மீதி வெள்ளைகளை எல்லாம் கண்டுபிடித்து உலகத்துக்குக் கொடுத்தது என் அத்தான். இது அவரே சொன்ன தகவல். அடிபட்ட கார்களுக்குப் பெயிண்ட் கலக்குவது அவர் வேலை. புதுக் கதவுக்கும் பழைய காருக்கும் நிறம் இம்மி பிசகக் கூடாது. அத்தான் பிசகியதே இல்லை. அதை நமக்குச் சொல்லவும் தவறியதே இல்லை.

அவருடைய வலது கண் சிவந்தபோது அக்கா பதறினாள்.

"என்னங்க, கண்ணு ரத்தமா இருக்கு. டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க."

"பெயிண்ட் தூசிடி. நோய்க்கும் ஒரு தைரியம் வேணும். என் கண்ணுகிட்ட வருமா?"

வந்திருந்தது. உட்கார்வார், எழுவார், திரையை இழுத்து மூடுவார், மறுபடி உட்கார்வார். வெளிச்சம் ஊசியாகக் குத்துகிறது என்று ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக, "ஒரு வீட்டுக்கு எதுக்குடா இத்தனை ஜன்னல்?" என்று வீடு கட்டியவனைத் திட்டினார்.

கலந்த பெயிண்டை ஒரு தகரத் துண்டில் அடித்து, வெயிலில் காரின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டறையின் ஒரே சட்டம் அது. போட்டவரும் அவர்தான். கண் கூசியதால், அப்போது கதவு மாற்ற வந்திருந்த ஒரு வெள்ளைக் காருக்கு மட்டும் அவர் வெயில் பக்கமே போகவில்லை. டியூப்லைட்டுக்குக் கீழேயே பார்த்துவிட்டு, "அடிங்கடா" என்றார்.

காரின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர் அம்மா. வெளியே நிறுத்திய காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"கார் நல்லாருக்கு. கதவு மட்டும் இன்னும் பல் விளக்கல போல."

பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தனாவது சிரித்திருந்தால் அத்தான் அவனோடு சண்டை போட்டுத் தப்பித்திருப்பார். மத்தியானமே எனக்கு போன் வந்தது.

"மாப்ள, சும்மாதானே இருக்க?"

"காலேஜ்ல இருக்கேன் அத்தான்."

"அதான் கேட்டேன். கண் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வா."

அங்கே வரிசை நகரவே இல்லை. எதிரே ஒரு பெரியவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த கண்ணைப் பொத்திப் பார்த்தார்.

"பாத்தியா, இந்த வயசுல கடிகாரத்துக்குக் கண்ணடிக்கிறாரு," என்றார் அத்தான், காலாட்டுவதை நிறுத்தாமல். "பயம் வந்துட்டா மனுஷன் கோமாளிதான்."

கருவியில் தாடையை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்த டாக்டர், "ஐரிடோசைக்ளைட்டிஸ்" என்றார்.

"இவ்ளோ நீளமா? என் கண்ணு சின்னது சார்."

டாக்டரும் சிரிக்கவில்லை. "தூசி வெளிய விழறது. இது உள்ளுக்குள்ள. கண்ணுல நிறமா ஒரு வட்டம் தெரியுதே, அதுவும் அதை ஒட்டின பகுதியும் வீங்கியிருக்கு. இப்படியே விட்டிருந்தா பார்வைக்கே ஆபத்து. மணிக்கொரு தடவை சொட்டு மருந்து போடணும்."

"கலரு?"

"என்ன கலரு?"

"கலரு பழையபடி தெரியுமா சார்?"

"முதல்ல வீக்கம் வடியட்டும்."

கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அத்தான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். நாற்காலியில் இடித்துக்கொண்டார். நாற்காலியைத் திட்டவில்லை; திட்டாததைப் பார்த்துத்தான் அக்கா பயந்தாள். மருந்து நேரத்துக்கு முன்பே அண்ணாந்து உட்கார்ந்து, "மணி ஆகலையாடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பட்டறையிலிருந்து வந்த போன்களை எடுக்கவே இல்லை.

அடுத்த முறை பார்த்தபோது, வீக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். நிறத்தைப் பற்றி அத்தான் வாய் திறக்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக மொட்டை மாடிக்குப் போனார். ஆளைக் காணோமே என்று நான் தேடிப்போய், கடைசிப் படியிலேயே நின்றுவிட்டேன்.

அக்கா காயப்போட்ட வெள்ளைப் போர்வை கொடியில் தொங்கியது. அதற்கு முன்னால் அத்தான், வெயிலில், கண்ணாடியைச் சட்டைப்பையில் செருகிவிட்டு. வலது கண்ணைப் பொத்தினார். பார்த்தார். கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினார். பார்த்தார். மறுபடி வலது. காற்றில் போர்வை புரண்டது. அது நிற்கும்வரை காத்திருந்து, மறுபடி இடது.