தொப்பி இல்லாத படம்

யோசெப் மாமா படத்தைத் தூக்கி மரத் தாங்கியில் வைத்தார். இரண்டு அடி பின்னுக்குப் போய்த் தலையைச் சரித்துப் பார்த்தார். திருப்திப்படாமல் திரும்பவும் கிட்டப் போய் ஒரு மூலையை நிமிர்த்தினார். செத்தவீடு நடக்கும் மலர்ச்சாலையின் முன்வரிசைக் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அஜிதா அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

"இது ஆர் மாமா?"

"என்ன பிள்ளை கேள்வி? அத்தான்."

படத்தில் இருந்தவர் கறுப்புக் கோட்டும் சிவப்புக் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். வகிடெடுத்து வாரிய அடர்த்தியான முடி. முகம் மட்டும் அப்பாவுடையது.

"அப்பாவுக்கு எங்கால தலைமயிர்?"

"ஸ்ரூடியோக்காரன் ஆறேழு விதம் வைச்சிருக்கிறான். இதுதான் முகத்துக்கு எடுப்பாக் கிடந்தது."

"அவரிட்டக் கோட்டே இல்லை."

"அதுதானே போட்டுவிட்டிருக்கு." மாமா விடியவே ஸ்காபுரோவில் இருந்து படத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். "பேப்பர் மரண அறிவித்தலிலயும் இதுதான். இன்ரநெற்றிலயும் இதுதான். லண்டன், ஜேர்மனி எல்லா இடத்தாலயும் எடுத்துக் கதைக்கினம், வடிவா இருக்கெண்டு."

எந்தப் படத்தில் இருந்து வெட்டியது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனியில் அவளுடைய பட்டமளிப்பு விழா. வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக அவள். பக்கத்தில், மொன்றியல் எக்ஸ்போஸ் பேஸ்போல் அணியின் நீலமும் வெள்ளையும் சிவப்புமான தொப்பியோடு அப்பா. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குப் பக்கத்தில் நிற்கும்போதாவது அதைக் கழற்றுங்கள் என்று அவள் சொன்னதற்கு, "நீயும் தொப்பியோடதானே நிக்கிறாய்" என்றார். அவள் சிரித்துக்கொண்டு அவருடைய தோளில் கைவைத்த நேரம் பார்த்து யாரோ எடுத்த படம்.

இப்போது அவளும் இல்லை, கையும் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தாள். கோட்டின் தோள்மூட்டு ஓரத்தில், வெட்டியவனின் கவனத்துக்குத் தப்பிய ஒரு நகம் மட்டும் மிச்சமிருந்தது. அவள் பூசியிருந்த அதே ரோஸ் நிறம்.

"களவாணியள்" என்று அவள் வாயில் வந்தது. அது அப்பாவின் சொல்.

அப்பாவிடம் ஒரு பிஸ்கற் ரின் நிறையப் பேஸ்போல் வீரர்களின் அட்டைகள் இருந்தன. ஒரு வீரரை வேறு அணிக்கு விற்றுவிட்டால், புதுப்படம் எடுக்கப் பஞ்சிப்பட்டு, பழைய படத்திலேயே புது அணியின் தொப்பியைத் தூரிகையால் கீறி அட்டையை அச்சடித்துவிடுவார்கள். அப்படி ஒன்றை அவர் விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டுவார். "பார், கழுத்தடியில பழைய நிறம் தெரியுது. வித்தா வித்ததெண்டு சொல்லவேணும். ஆளை வித்துப்போட்டுத் தொப்பியைக் கீறி மறைக்கிறதோ?"

அவருக்குச் சொல்ல இன்னும் நிறைய இருந்தது. பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு எக்ஸ்போஸ்தான் கறி. தொண்ணூற்றி நான்கில் எல்லா அணிகளுக்கும் மேலே நின்ற அணி. வேலைநிறுத்தம் வந்து அந்தப் பருவமே இல்லாமல் போக, அடுத்த சித்திரையில் ஒரே கிழமைக்குள் மூன்று பேரை விற்றார்கள், நாலாமவனைச் சும்மா போகவிட்டார்கள். அதை அவர் தன் கலியாணத் திகதி போல நினைவில் வைத்திருந்தார். கடைசி மூன்று வருடங்களாக அணிக்கு முதலாளியே இல்லை. லீக்கே வாங்கி வைத்திருந்தது. அதாவது மற்ற இருபத்தொன்பது அணிகளும் பங்காளிகள். "எதிராளிதான் எங்களுக்கு முதலாளி" என்று சோற்றைப் பிசைந்தபடி சொல்வார். "பூனையிட்ட மீனைக் குடுத்துப்போட்டுக் காவல் இருக்கட்டாம். அவங்கள் எங்களுக்கு நல்ல எறிகாரனை வாங்கித் தருவாங்களோ?" இந்தப் புரட்டாசிக் கடைசியில், மொன்றியலில் கடைசி ஆட்டம் நடந்த அன்றே, அணி வாஷிங்ரனுக்குப் போகிறதென்று அறிவித்தார்கள். ஐப்பசியில் பொஸ்ரன் உலகக்கிண்ணம் வென்ற இரவு அவர் தொலைக்காட்சியில், எக்ஸ்போஸ் பொஸ்ரனுக்கு விற்றிருந்த கப்ரேராவைக் காட்டி, "ஆடி மாசம் வரைக்கும் எங்கட ஆள்" என்றார். அடுத்த கிழமை ஜான்-டலோன் சந்தையில் பூசணிக்காய்ப் பெட்டி இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தவர் எழும்பவில்லை.

அஜிதா கைப்பையைத் திறந்து அசல் படத்தை எடுத்தாள். உள்ளங்கையளவு.

"மாமா, அதை இறக்கிப்போட்டு இதை வைப்பம்."

"விசரே? உது வாசல்ல நிண்டு பாத்தா ஆருக்கும் தெரியுமே? செபம் சொல்லச் சுவாமி வாற இடத்தில தொப்பியும் கிப்பியும்!"

"அப்பாவை வைச்சிருக்கிறதெண்டா அப்பாவை வையுங்கோ. வேற ஆரையோ வைச்சுக் கும்பிடுறதுக்கு நாங்கள் ஏன் அழவேணும்?"

"படிச்ச திமிர்!" என்றார் மாமா.

முன்வரிசையில் செபமாலையோடு இருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "நான்தான் கோட்டுப் போடச் சொன்னனான்."

அஜிதா திரும்பினாள்.

"உலகமெல்லாம் போற படம். அதிலயும் மரக்கறிப் பெட்டி தூக்கினவர் மாதிரியே நிக்கவேணுமோ?"

"அவர் தூக்கினவர்தானே அம்மா."

அம்மாவின் விரல்கள் ஒரு மணியில் நின்றன. பிறகு அடுத்த மணிக்கு நகர்ந்தன. அஜிதா படத்தைப் பைக்குள் வைத்தாள்.

சனம் வரத் தொடங்கியது. ஒவ்வொருவரும் வாசலில் நின்று படத்தைப் பார்த்து, "நல்ல கம்பீரமா இருக்கிறார்" என்றார்கள். முன்பின் தெரியாத ஒருவர், "அண்ணை கந்தோரில உத்தியோகம் பாத்தவரோ?" என்று கேட்டார். "இல்லை, சந்தையில" என்று அவள் உரக்கச் சொன்னாள். மாமா இருமினார்.

பின்னேரம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தார். பழைய குளிர்ச்சட்டை, கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. வாசலில் நின்று படத்தைப் பார்த்தார். பெயர்ப்பலகையை வாயசைத்துப் படித்துப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். "பர்தோன்" என்று பொதுவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போனார்.

"அஜிதா." அம்மா அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். "அந்தாளின்ரை பைக்குள்ள கிடக்கிறது என்ரை டப்பா."

"என்ன டப்பா?"

"ஐஸ்கிறீம் டப்பா. மூடி வெடிச்சதுக்கு நான்தான் சிவத்த செலோரேப் ஒட்டினனான். போய்ப் பார், ஓடு!"

கிழவர் வெளிவாசலில் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். யாரைத் தேடுகிறீர்கள் என்று அவள் பிரெஞ்சில் கேட்டாள்.

"மூத்து. சந்தையில் வேலை செய்தவர். இந்த இடம் என்றுதான் அங்கே சொன்னார்கள். நான் பிழையான அறைக்குள் போய்விட்டேன் போல. உள்ளே யாரோ வக்கீல் ஒருவர்தான் இருக்கிறார்."

அவர் இழுத்துச் சொன்னது அப்பாவின் பெயரைத்தான். அவள் கைப்பையைத் திறந்து படத்தை நீட்டினாள். அவர் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். கையுறையைத் திரும்பக் கழற்றினார்.

ரெஜான் என்று பெயர் சொன்னார். மைதானத்தில் இருபது வருடமாக அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரை. திரும்ப உள்ளே வந்து, சவப்பெட்டிக்குள் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சேட்டுடன் கிடந்தவரைப் பார்த்தார். "இவருடைய தலையை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். பிறகு, திடீர்க் கோபத்தோடு: "கப்ரேரா விஷயத்தில் இவர் சொன்னது பிழை."

"என்ன பிழை?"

"ஆடியில் விற்றது நல்லதுதான். பொடியன் போய்க் கிண்ணம் வென்றான். இங்கே இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்?"

"கடைசி வரைக்கும் இருந்தவன் என்ற பேர் கிடைத்திருக்கும்" என்றாள் அஜிதா. "போகிற அணிக்கு எதற்கு ஆள் மாற்றம்? யாருக்காக அணியைக் கட்டினார்கள்? வாஷிங்ரனுக்காக!"

"அச்சொட்டாக அவர் சொன்னது! நான் அப்போதே சொன்னேன், அது தர்க்கமே இல்லை..."

"தொண்ணூற்றி ஐந்தில் விற்றதையும் நல்லதென்பீர்களா?"

"அது வேறு! அது கொலை!"

சத்தம் கூடிவிட்டது. செபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா விறுவிறென்று வந்தார். "என்ன பிள்ளை, செத்தவீட்டில சண்டையே? ஆர் உந்தாள்?"

"தம்பி, விடு" என்றார் அம்மா. "அவை கதைக்கட்டும்."

ரெஜானுக்கு அப்போதுதான் கையில் இருந்த பை நினைவுக்கு வந்தது. டப்பாவை எடுத்து இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார். கடைசி ஆட்டத்தன்று மூத்து நிலக்கடலை கொண்டுவந்து கதிரைக்குக் கீழே மறந்துவிட்டுப் போனது, கழுவிக் கொண்டுவந்திருக்கிறேன் என்றார். அஜிதா தமிழில் சொன்னாள்.

அம்மா மூடியைத் திறந்து பார்த்தார். திரும்ப மூடினார்.

"கச்சான் எப்பிடி இருந்ததாம் எண்டு கேள்."

கேட்டாள். பெரும்பகுதி நான்தான் தின்றேன், மூத்துக்குக் கத்தவே நேரம் போதாது என்றார் ரெஜான். உறைப்புத்தான் கொஞ்சம் கூட.

"அவர் கூடப் போடச் சொல்லுவார்" என்றார் அம்மா. "ஆருக்கெண்டு நான் கேக்கேல்லை."

அவர் எழும்பி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தாங்கிக்குப் போனார். பெரிய படத்தை இறக்கினார். "அக்கா, சனம் வருகுது" என்றார் மாமா. அம்மா அதை அவருடைய கையிலேயே கொடுத்துவிட்டு, மகளிடம் கையை நீட்டினார்.

சின்னப் படம் அந்தப் பெரிய தாங்கியில் நிற்கவில்லை, சறுக்கியது. அம்மா டப்பாவைத் தாங்கியின் தட்டில் வைத்து, அதில் படத்தைச் சாய்த்துவிட்டார்.

பின்னால் ரெஜான் இன்னும் கப்ரேராவை விடவில்லை. வாசலால் வந்த ஊர்க்கிழவி அல்போன்சம்மா தூரத்தில் நின்று படத்தைப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. கிட்ட வந்தார். கைப்பையில் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.